அசனத்துக்கு ஏது ஆசனம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன். பெயர் வேதமாணிக்கம். நாற்பது வருஷம் மூட்டை தூக்கினேன். அதில் முப்பத்தொரு வருஷம் எங்கள் சபையின் அசனத்துக்குத் தலைமைச் சமையலும் நான்தான். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்ல வேண்டும்?

அசனம் என்றால் சாப்பாடு. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வருஷத்துக்கு ஒருநாள், சபையார் அத்தனை பேரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து, ஒரே அடுப்பில் வெந்த சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிடுவோம். அதற்குத்தான் அந்தப் பெயர். இருபது வயதில் ஓர் அசனத்துக்கு, உப்புக் கப்பலில் மூட்டை ஏற்றிவிட்டு வேர்வையோடு ஓடி வந்தேன். பானையைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். "நேரத்துக்கு வரணும்லா" என்றார் அகப்பை பிடித்தவர். அடுத்த வருஷம் அந்த அகப்பை என் கைக்கு வந்தது. எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம். வந்ததும் நான் வைத்த சட்டம் இது: கடைசி ஆள் வந்து உட்காரும்வரை பானை மூடி திறக்காது. திறப்பதற்கு முன் வாசலில் நின்று, "பசியோட வெளிய யாரும் உண்டுமா" என்று மூன்று தடவை சத்தம் போட வேண்டும். சமைத்தவனும் பரிமாறினவனும் கடைசியில்தான் தின்ன வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் லேட்டாக வந்த ஒருத்தன்கூட என் அடுப்படியிலிருந்து வெறும் வயிற்றோடு திரும்பினதில்லை.

இரண்டாயிரத்து ஆறில் நான் இருந்தது டெக்சாஸில், சுகர் லேண்டில், மகன் கிருபாகரன் வீட்டில். மகன் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் இஞ்சினியர். மருமகள் பெனிட்டா மெட்ராஸில் வளர்ந்தவள். நல்ல பிள்ளை. ஆனால் கம்ப்யூட்டர் எதைச் சொன்னாலும் நம்புவாள். நான் மனுஷன் சொன்னாலே நம்புவதில்லை.

அங்கே ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஃபெலோஷிப் கூடும். ஒரு வெள்ளைக்காரச் சபையின் பின்பக்கத்து ஹால் எங்களுக்கு. மாதக் கடைசியில் பாட்லக் என்று ஒன்று வைப்பார்கள். ஆளுக்கொரு அலுமினியத் தட்டில் ஏதாவது சமைத்துக் கொண்டுவந்து நீள மேசையில் வைக்க வேண்டியது. பன்னிரண்டரைக்கு வரிசை நிற்கும். ஒன்றேகாலுக்குத் தட்டுகளின் அடியில் எண்ணெய் மட்டும் இருக்கும்.

இரண்டேகாலுக்குக் கனகாபாய் வருவாள். நாசரேத்துக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு நர்சிங் ஹோமில் கிழடுகளைக் குளிப்பாட்டித் திருப்பிப் படுக்க வைக்கிற வேலை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஷிஃப்ட். மோட்டலில் படுக்கை விரிக்கிற இரண்டு பெண்களையும் வழியில் தன் காரில் ஏற்றிக்கொண்டு, இரண்டரை மணி ஜெபக் கூட்டத்துக்கு வந்து சேருவாள். நாலு மாதம் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று பேரும் அந்த எண்ணெய்த் தட்டுகளை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். காருக்குள் உட்கார்ந்து டப்பாவில் தயிர்சோறு தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள்.

ஒருநாள் கார் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏட்டி, உள்ள வந்து உக்காந்து தின்னா என்ன?"

"உள்ள என்ன இருக்கு பெரியப்பா, தின்னுகிட்டு உக்கார? ஜெபத்துக்குத்தான வாரேன், சோத்துக்கா வாரேன்?" என்றாள் கனகாபாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு டப்பாவை மூடிக்கொண்டே, "இந்த வருஷத்தோட நிப்பாட்டிருவோம்னு இருக்கேன். வீட்லயே முழங்கால் போட்டா ஆண்டவர் கேக்க மாட்டாரா?" என்றாள்.

அது சிரித்துக்கொண்டு சொன்னது இல்லை.

எங்கள் பாஸ்டர் பெயர் எட்வின். முப்பத்தி நாலு வயது, மெட்ராஸ் பையன், டாலஸில் வேதசாஸ்திரம் படித்துக்கொண்டே எங்களுக்கு ஊழியம் செய்தார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். நான் அப்படிக் கூப்பிட்டால் அவர் நெளிவார். அந்தச் செப்டம்பரில் அவர் மூன்று வாரம் ஒரே விஷயத்தைப் பிரசங்கித்தார். ஆதிச் சபையார் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பது.

பிரசங்கத்தில் நான் பாதி தூங்குகிறவன். அந்த மூன்று வாரமும் தூங்கவில்லை. அந்தக் காலத்தில் ஆராதனையே சாப்பாட்டுப் பந்தியில்தான் நடந்ததாம். அப்பத்தைப் பிட்டுத் தொடங்குவார்களாம், பாத்திரத்தில் குடித்து முடிப்பார்களாம். அன்பின் விருந்து என்று பெயராம். எஜமானும் அடிமையும் ஒரே பந்தி என்று பேச்சு. பேச்சு அப்படி, நடப்பு வேறே. கொரிந்து பட்டணத்தில் சபை கூடினது வசதிக்காரர் வீட்டில். உள்ளறையில் மெத்தை போட்டு, இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து ஒன்பது பேர் சாப்பிடலாம். மற்றவர்கள் வெளியே முற்றத்தில். மெத்தைக்காரர்கள் வேளையோடு வந்து நல்லதைத் தின்று குடித்து முடித்துவிடுவார்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

"கொரிந்து ஒரு துறைமுகப் பட்டணம்" என்றார் பாஸ்டர். "லேட்டா வந்தவங்கள்ல கப்பல்ல சரக்கு இறக்கினவங்களும் இருந்திருப்பாங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் மூட்டை தூக்கினவனுக்குப் பானையைக் கழுவித்தான் வைத்திருக்கிறார்கள். பவுல் அப்போஸ்தலன் அவர்களைக் கண்டித்துக் கடிதம் எழுதினாராம். காத்திருக்கப் பொறுமை இல்லாதவன் வீட்டிலேயே தின்றுவிட்டு வரட்டும் என்கிற மாதிரி. எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போயிற்று.

கூட்டம் முடிந்ததும் நேரே பாஸ்டரிடம் போனேன்.

"ஐயரே, நீங்க சொன்னது அசனம்லா?"

"என்னதுங்கய்யா?"

"அன்பின் விருந்து, அது இதுன்னு மூணு வாரமா நீட்டுதிய. எங்க ஊர்ல அதான் அசனம்."

பக்கத்தில் டாக்டர் பொன்ராஜ் நின்றுகொண்டிருந்தார். இதய டாக்டர், கமிட்டித் தலைவர். அவர் கை தட்டினார். "சூப்பர் அங்கிள். நம்ம ஆனிவர்சரிக்கு அதையே பண்ணிடலாம். பீட்டா பிரெட், ஹம்மஸ், ஆலிவ் எல்லாம் கேட்டரிங்ல சொல்லிடறேன். ஃபர்ஸ்ட் செஞ்சுரி மாதிரியே இருக்கும்."

"ஆலிவ்னா, உப்புல ஊறப் போட்ட அந்தக் கொட்டையா?"

"ஆமா அங்கிள்."

"அத வச்சு யாரு வயிறு நெறையும்? ஆடு வெட்டுங்க. நான் சமைக்கேன்."

அன்றைக்கே கனகாபாயின் கார் பக்கம் போனேன். அக்டோபர் கடைசி ஞாயிறு அசனம், நான் சமைக்கிறேன், நீங்கள் மூன்று பேரும் ஹாலுக்குள் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுவீர்கள் என்றேன்.

"எனக்கு ரெண்டு மணி வரைக்கும் ஷிஃப்ட் பெரியப்பா. அன்னைக்கி லீவு கெடைக்காது."

"ஷிஃப்ட முடிச்சிட்டு வா. நீ வந்து உக்காந்த பெறவுதான் மூடி தொறக்கும்."

"சரி சரி" என்றாள், பச்சைப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. அவள் நம்பவில்லை. அதில் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது, அன்றைக்கும் அவள் காருக்குள் தயிர்சோறு தின்றால் அதுதான் கடைசி ஞாயிறு. அதோடு என் முப்பத்தொரு வருஷமும் போச்சு.

இரண்டு வாரம் கழித்துப் பெனிட்டா ஒரு நோட்டீஸ் அச்சடித்துக் கொண்டுவந்தாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் கம்ப்யூட்டரே தமிழாக்கிக் கொடுக்குமாம். மேலே கொட்டை எழுத்தில் 'ஆசன விருந்து' என்று இருந்தது.

பேத்தி கெசியா எட்டிப் பார்த்து, "தாத்தா, இஸ் இட் லைக் யோகா?" என்றாள்.

அந்த முதல் எழுத்தின் அடியில் ஒரு சுழி கூடுதலாக இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. எம்.சி.ஏ. படித்த பிள்ளை எழுதினதில் ஐந்தாம் வகுப்பு என்ன குற்றம் கண்டுபிடிக்கிறது என்று விட்டுவிட்டேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த தடவைகள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று, அதுவும் தப்பான இடம்.

ஆட்டுக்கு ஹில்கிராஃப்ட் ரோட்டில் ஜைனுதீன் பாய் கடைக்குப் போனேன். காயல்பட்டினத்துக்காரர். கறிக்கடையும் வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்குப் பிரியாணியும் செய்து கொடுப்பவர்.

"பாய், இது ஆடா, செம்மறியா?"

"ஆடுதான் அண்ணாச்சி."

"பல்லக் காட்டும்."

"அது செத்து நாலு மணி நேரமாச்சு. நீங்க பல்லப் பாத்து என்ன செய்யப் போறீங்க, பொண்ணு குடுக்கவா போறீங்க?"

"காட்டும் ஓய்."

காட்டினார். இளம் பல்தான். நாலு ஆடு சொன்னேன். பிரியாணி வேகவைக்கிற இரண்டு பெரிய தேக்சாவும் கேஸ் அடுப்பும் அவரே தருவதாகச் சொன்னார். சமைத்ததைத் தன் வேனில் ஹாலுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கடையைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு வந்து பாத்திரங்களை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

"எத்தன பேருக்கு அண்ணாச்சி?"

"நூத்திப் பதினெட்டுன்னு பேரு எழுதிருக்காவ."

"அப்ப நூத்திருபதுக்கு."

"நூத்தம்பதுக்கு. பேரு எழுதினவன் மட்டுந்தான் பசிக்கானா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஆளை அன்றைக்குக் கொஞ்சம் நம்பினேன்.

அந்த ஞாயிறு விடிகிற நேரத்தில் மகன் வீட்டுப் பின்புறம் அடுப்புப் பற்றவைத்தேன். மசாலா நானே வறுத்து அரைத்தது. அகப்பையை ஒருத்தர் கையிலும் கொடுக்கவில்லை. மகன் வந்து, "அப்பா, நான் கிளர்றேன், நீங்க உக்காருங்க" என்றான். போய்ப் பல் தேய் என்றேன். பதினொரு மணிக்குச் சோறும் ரசமும் இறங்கி, கறி வெந்து எண்ணெய் பிரிந்து நின்றது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி மூக்கை இழுத்தார். அவருக்கு ஒரு கிண்ணம் கொடுக்கலாமா என்றாள் பெனிட்டா. மூடி திறக்காது, வேண்டுமென்றால் அவரை ஹாலுக்கு வரச் சொல் என்றேன்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பாயும் நானும் தேக்சாக்களை ஹாலுக்குள் இறக்கினோம். அவர் கடைக்குப் போனார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஹால் முழுக்க வட்ட மேசைகள், வெள்ளைத் துணி, நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஓர் அட்டையில் பெயர். எதிரே மேடையில் தாழ்ந்த பலகை, அதைச் சுற்றி ஒன்பது சிவப்பு மெத்தைகள், அவற்றுக்கும் பெயர் அட்டை. டாக்டர் பொன்ராஜ், அவர் மனைவி, பாஸ்டர், மற்றக் கமிட்டிக்காரர்கள். ஒன்பதாவது அட்டையில் 'வேதமாணிக்கம் ஐயா, தலைமைச் சமையல்' என்று இருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அதைப் படித்ததும் எனக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. மூட்டை தூக்கின முதுகுக்கு மெத்தை. ஊரில் எவனும் என் பெயரை அட்டையில் எழுதி வைத்ததில்லை. போய் மெத்தையை அழுத்திக்கூடப் பார்த்தேன். நல்ல மெத்தை.

பிறகு மேசை மேசையாகப் போய் ஒவ்வொரு அட்டையையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடைசி மேசை வரை போனேன்.

"பெனிட்டா, கனகாபாய் பேரு எங்க?"

"அவங்க வர்றேன்னு ஆர்.எஸ்.வி.பி. பண்ணலையே மாமா. அந்த ரெண்டு பேரும் பண்ணல."

"அவ எப்ப வேலை முடிஞ்சு வருவான்னு அவளுக்கே தெரியாது. அவ எங்க உக்காருவா?"

பெனிட்டா சுற்றும் முற்றும் பார்த்தாள். "பின்னாடி எக்ஸ்ட்ரா சேர் போட்டுக்கலாம் மாமா. சமாளிச்சிடலாம்."

ஒரு மணிக்கு எல்லோரும் அவரவர் பெயரைத் தேடி உட்கார்ந்தார்கள். மேடையில் டாக்டர் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து பார்த்து, தொந்தி இடித்ததால் நிமிர்ந்துகொண்டார். பாஸ்டர் ஜெபிக்க எழுந்தார். நான் என் தோள் துண்டை மடித்துத் தேக்சா மூடியின் மேல் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஐயரே, செத்த பொறுங்க. ஆளு வரணும்."

"யாருங்கய்யா?"

"கனகாபாயும் இன்னும் ரெண்டு பேரும்."

"அவங்க வர ரெண்டரை ஆயிடுமே" என்று மேடையிலிருந்து டாக்டர் சொன்னார். "அங்கிள், கிட்ஸ் எல்லாம் பசியோட இருக்காங்க."

"பிள்ளைகளுக்கு நீங்க வரவழைச்ச அந்தச் சப்பட்டை ரொட்டியைக் குடுங்க. பானை தொறக்காது."

ஹாலில் ஒரு சலசலப்பு. என் மகன் எழுந்து வந்தான். முகம் சிவந்திருந்தது. பிறந்ததிலிருந்து எனக்கு முன்னால் குரல் உயர்த்தாதவன், இப்போதும் காதோடுதான் பேசினான்.

"அப்பா, ப்ளீஸ். சீன் கிரியேட் பண்ணாதீங்க. அவங்களுக்குத் தனியா எடுத்து வச்சிடலாம். ஃபாயில்ல சுத்தி வச்சா சூடாவே இருக்கும்."

"எடுத்து வச்சா அது மிச்சம். உக்காந்து தின்னாத்தான் அசனம்."

"யாராவது தப்பா நெனச்சா?"

"நெனைக்கட்டும். நான் வாக்குக் குடுத்துருக்கேன். ஒனக்குப் பேரு வச்ச அன்னைக்கி நூறு பேருக்குச் சமைச்ச கை இது. எடுக்க மாட்டேன்."

டாக்டர் மேடையை விட்டு இறங்கி வந்தார். அவருக்கும் பொறுமை போய்விட்டது. "அங்கிள், ஆசனம்னுதானே நீங்க சொன்னீங்க? அதனாலதானே சீட்டிங் பிளான் போட்டு, குஷன் வாங்கி, இவ்வளவும் பண்ணினோம்? வந்தவங்களை உக்கார வச்சிட்டு இப்போ சாப்பிடக் கூடாதுன்னா எப்படி?"

"நான் ஆசனம்னு சொல்லல. அசனம்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு நாற்காலி, ஒண்ணு சோறு."

பெனிட்டா சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, நான் ஏ ஒண்ணுதான் போட்டேன். அதுவா ஆன்னு வந்துச்சு. அப்போ அது சீட் இல்லையா?"

"சுழி ஒண்ணு கூடிப்போச்சுடி பிள்ள. நானும் பாத்தேன், சொல்லாம விட்டது என் தப்புதான். ஆனா டாக்டரே, ஒரு சுழிக்கு ஒம்பது மெத்தை வாங்கிட்டியளே."

பின் மேசையில் யாரோ சிரித்தார்கள். அது மெல்ல முன்னால் வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "நான் அஞ்சு மணிக்கு ஹாஸ்பிட்டல்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் மேடையில் தன் பெயர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரையும் நான் நம்பவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது கமிட்டி.

"ஐயரே" என்றேன், "கொரிந்துக்காரன் தப்புப் பண்ணினான்னு மூணு வாரம் சொன்னீங்க. அவன் பண்ணினத அப்படியே மெத்தை போட்டு நடத்திட்டு இருக்கோம். முழங்கை ஊன்றதுதான் பாக்கி."

அவர் அட்டையைப் பலகையில் கவிழ்த்து வைத்தார். பிறகு மேடை விளிம்பில் வந்து நின்று, மைக் இல்லாமல் சொன்னார்: "நான் பிரசங்கம் பண்ணினேன். ஐயா அதைக் கேட்டிருக்கார். ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறது நமக்குக் கஷ்டம் இல்ல. காத்திருக்கலாம்." அதோடு நிற்கவில்லை. குனிந்து தன் மெத்தையைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து தரையில் போட்டு, குடும்பத்தோடு வந்திருந்த ஒரு கிழவியை அதில் உட்காரச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் மகன் முதல் நாற்காலியை மடக்கினான். ஆண்கள் மேசைகளைச் சுவரோரம் தள்ளினார்கள். பெனிட்டா மேசை மேல் போடுகிற வெள்ளைக் காகிதச் சுருளைத் தரையில் நீளமாக உருட்டினாள். நாலு வரிசை. பெயர் அட்டைகளைப் பிள்ளைகள் பொறுக்கிச் சீட்டுக்கட்டு விளையாடினார்கள். பசியில் முனகினவர்கள் இருந்தார்கள். இரண்டு குடும்பம் எழுந்து போயிற்று. அதையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்த கையோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து வருஷமாக ஒரே ஹாலில் கூடினவர்கள், பக்கத்தில் இருக்கிறவர் எந்த ஊர் என்று அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு இருபதுக்கு நான் துண்டை மூடிமேலேயே விட்டுவிட்டு வாசலுக்குப் போனேன். கார் பார்க் வெயிலில் காய்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் ஃப்ரீவே இரைச்சல். வாயில் கையைக் குவித்தேன்.

"பசியோட வெளிய யாரும் உண்டுமா!"

எழுபத்தொரு வயதுத் தொண்டை. பாதி வழியில் கம்மிப் போயிற்று. திரும்பவும் கூப்பிட்டேன். கார் ஒன்றிலிருந்து டாக்டர் பொன்ராஜ் இறங்கி வந்தார். டையைக் கழற்றியிருந்தார். போகவில்லை, ஏ.சி. போட்டு உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஃப்ரீவே சத்தத்துல நீங்க கத்தறது கேக்கல அங்கிள்" என்றார். "என்ன சொல்லணும்?"

சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டோம். அந்த ஆளுக்கு இருக்கிற தொண்டைக்குத் துறைமுகத்தில் மேஸ்திரி வேலையே கொடுக்கலாம். ரோட்டு முனையில் திரும்பின ஒரு பழைய பச்சைக் கார் தயங்கி, உள்ளே வந்தது.

கனகாபாய் கண்ணாடியை இறக்கினாள். வேலைச் சட்டைகூட மாற்றவில்லை, மருந்து வாடை அடித்தது.

"என்ன பெரியப்பா, டாக்டரையும் கூட்டிக்கிட்டு யாரத் தேடுதிய?"

"ஒன்னத்தான். எறங்கு."

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். தரையில் நூறு பேருக்கு மேல், முன்னால் வெறும் தட்டு, எல்லோர் கண்ணும் இவர்கள் மேல். கனகாபாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவரோரம் மடக்கி வைத்த நாற்காலிகளையும், மூடியிருந்த தேக்சாக்களையும் பார்த்தாள். முகம் சிரிக்கவில்லை.

"எங்களுக்காவா இவ்வளவு பேரும் பட்டினி கெடக்காவ? யாரு ஒங்கள இப்படிச் செய்யச் சொன்னா? எல்லார் முன்னாடியும் என்னய வெக்கப்படுத்தவா?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. நன்றி சொல்வாள் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. "ஒனக்காக இல்லட்டி" என்றேன். "இது அசனம். கடைசி ஆளு யாரா இருந்தாலும் காத்திருக்கணும். இன்னைக்கி நீ. நான் சொன்னேன்லா, மூடி தொறக்காதுன்னு."

அவள் என்னைப் பார்த்தாள். "நெசமாவே தொறக்கலயா?"

"துண்டு மடிப்பு கலையல, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். பாஸ்டர் ஜெபித்தார். சின்ன ஜெபம், அவருக்கும் பசி. மோட்டல் பெண்கள் இருவரும் முதல் வரிசையில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். நான் துண்டை எடுத்து மூடியைத் திறந்தேன். ஆவி எழும்பி ஹால் முழுக்கப் பரவினது. அந்த மணத்தை நான் விவரிக்கப் போவதில்லை. நூறு பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள், அது போதும்.

"உக்காரு" என்றேன் கனகாபாயிடம்.

அவள் உட்காரவில்லை. போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்று வாளியைத் தூக்கினாள். "கெழடுகளுக்கு ஊட்டி ஊட்டிப் பழகின கை பெரியப்பா. நீங்க எல்லாம் பரிமாறினா விடிஞ்சிரும். கறிய நீங்க போடுங்க, சோறு நான் போடுதேன்." முதல் தட்டில் சோற்றைத் தட்டினபடியே, "நூறு பேரு எனக்குக் காத்துருக்காவன்னா, நூறு பேருக்கும் நாந்தான் போடணும்" என்றாள்.

பரிமாறுகிறவள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். என் சட்டத்தை வைத்தே என் வாக்கை உடைத்துவிட்டாள். நான் கறி அகப்பையை எடுத்துக்கொண்டேன். டாக்டர் ரசம் வாளியைப் பிடித்தார். வெள்ளைச் சட்டையில் இரண்டு இடத்தில் சிந்தினார். இரண்டாவது தடவை சோறு கேட்டவர்களுக்கும் இல்லை என்று சொல்லவில்லை. கூப்பிட்ட சத்தம் கேட்டு, அந்த வெள்ளைக்காரச் சபையின் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பெயர் எழுதாமல் வந்தவர்களும் சிலர் இருந்தார்கள், எப்போதும் இருப்பார்கள்.

மூன்றே முக்காலுக்கு எல்லோரும் கை கழுவின பிறகு, மிஞ்சினது பரிமாறினவர்கள் மட்டும். நான், கனகாபாய், டாக்டர், பாஸ்டர். அந்த நேரம் பார்த்து ஜைனுதீன் பாய் பாத்திரம் எடுக்க வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, தேக்சா காலியா?"

"நீரு சாப்பிட்டீரா?"

"கடையில ஆளு இல்ல. எங்க சாப்புட?"

"அப்ப காலி இல்ல. உக்காரும்."

பெனிட்டா தட்டுகளைத் தேடினாள். முதலாம் நூற்றாண்டு மாதிரி என்று மண் நிறத்தில் நூற்றிருபது தட்டு வரவழைத்திருந்தாள். பாக்கி ஒன்றே ஒன்று. அதைக் கனகாபாய் கையில் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை, நான் வாங்க வைத்தேன். மற்ற நாலு பேருக்கும் என்ன செய்வது என்று மருமகள் விழித்தபோது, பாய் ஹம்மஸ் என்கிற கடலைத் துவையல் வந்த பெரிய தாம்பாளத்தைக் கழுவி எடுத்து வந்து நடுவில் வைத்தார்.

"இதுக்கு எதுக்கு யோசனை? எங்க ஊர்ல கல்யாணத்துக்கே நாலு பேருக்கு ஒரு சகன்தான். ஒரே தட்டுல உக்காந்தாத்தான் விருந்து. ஆளுக்கொரு பக்கம் சாப்பிட வேண்டியது, அடுத்தவன் பக்கம் கை போகக் கூடாது."

நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். கனகாபாய் என் பக்கத்தில் தன் தட்டோடு. தேக்சாவின் அடியிலிருந்த கறியை வழித்துப் போட்டேன். அடிக்கறிக்குத்தான் ருசி, மேல்மெத்தைக்காரனுக்கு அது தெரியாது. இதய டாக்டர் நல்லி எலும்பை உறிஞ்சுகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். உறிஞ்சினார். என் பக்கத்துக்கு அவர் கை வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். வரவில்லை. சரி, நம்பலாம் என்று பட்டது.

"அங்கிள்" என்றார் அவர், வாயில் எலும்போடு, "அடுத்த மாசத்துலேர்ந்து பாட்லக்கை ரெண்டரைக்கு வச்சிக்கலாம்னு பாஸ்டர் சொல்றார்."

"நல்லது. நோட்டீஸ் அடிக்காதீங்க."

பெனிட்டா சிரித்தாள். சுவரிலிருந்த நோட்டீஸின் கீழே நின்று, பேனாவால் அந்தச் சுழியை அடித்துக்கொண்டிருந்தாள்.

கனகாபாய் கடைசிப் பிடி சோற்றை வழித்து வாயில் போட்டாள். விரலைச் சப்பினாள். "உப்பு ஒரு கல்லு கம்மி பெரியப்பா" என்றாள்.

"ரெண்டரை மணிக்கு ஒழுங்கா வந்து சேரு. அடுத்த தடவை நீயே போடு."

"ரெண்டரைக்கு வர முடியாட்டி?"

தேக்சா மூடியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"பெறவு எதுக்கு இதுக்கு மூடி?"